பதினாலு மில்லி

"பாலம் எப்போது சேரும், கல்யாணம் எப்போது நடக்கும்? இல்லை, எங்களுக்குத் தலை நரைத்த பிறகுதான் நடக்குமா?" என்று ஒரு வாசகி போன வாரம் காட்டமாகக் கேட்டு எழுதியிருக்கிறார். கோபம் நியாயம்தான். ஆனால் அம்மணி, பாலம் கட்டுவது நானில்லை. நான் எழுதுகிறவள், அவ்வளவுதான். கேட்பதைத் தேதி மேடத்திடம் கேளுங்கள். இன்றைக்குக் கேட்டால் பதில் வரும், ஏனென்றால் இன்றைக்குத்தான் அந்த வியாழக்கிழமை.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுக்குக் குறுக்கே நெடுஞ்சாலைக்காக ஒரு பெரிய பாலம் எழும்பிக்கொண்டிருக்கிறது. கரைக்கு ஒன்றாக இரண்டு கோபுரங்கள். கோபுர உச்சியிலிருந்து சாய்வாக இறங்கும் கேபிள்கள்தான் பாலத்தின் தளத்தைத் தூக்கிப் பிடிக்கின்றன. இரண்டு கரையிலிருந்தும் தளத்தைத் துண்டு துண்டாக நீட்டிக்கொண்டே வந்து நடு ஆற்றில் சேர்க்க வேண்டும். எந்த வேலை எந்த நாளில் முடியும் என்று அட்டவணை போடும் என்ஜினீயர்தான் நம் அக்கா. எதிரே வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "எப்ப முடியும்? தேதி சொல்லுங்க" என்று கேட்பாள். தொழிலாளர்கள் அவளுக்குத் தேதி மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவள் தம்பி லிஃப்ட் மெக்கானிக். அக்கரைக் கோபுரம் பாதி உயரம் எழுந்திருந்தபோது அங்கிருந்த லிஃப்டைச் சரிசெய்யப் போய் விரலை நசுக்கிக்கொண்டான். முதலுதவி அறையில் இருந்த நர்ஸ் கட்டுப் போட்டாள். விரல் பத்து நாளில் ஆறிவிட்டது. அவன் கட்டு மாற்ற இரண்டு மாதம் போய்வந்தான்.

நர்ஸின் அப்பா ஆற்றில் ஃபெரி ஓட்டும் கேப்டன். பெண் கேட்டுப் போனவர்களிடம் அவர் பளிச்சென்று சொன்னார். "காத்தடிச்சா ரெண்டு மூணு நாள் ஃபெரி ஓடாது. என் பொண்ணு பொறந்தப்ப நான் உங்க கரையில மாட்டிக்கிட்டேன். மூணாம் நாள்தான் அவ மூஞ்சியப் பார்த்தேன். பேரப்பிள்ளையையும் அப்படிப் பார்க்க என்னால முடியாது. பாலம் ரெண்டு பக்கமும் சேரட்டும். மாப்பிள்ளை நடந்து வந்து பொண்ணு கேக்கட்டும். அடுத்து வர்ற ஞாயித்துக்கிழமையே கல்யாணத்தை வெச்சுக்கலாம்."

நல்ல பேச்சு என்று எல்லாரும் தலையாட்டிவிட்டு வந்தார்கள். அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது.

கேபிள் ஏற்றிய கப்பல் துறைமுகத்தில் ஏழு வாரம் நின்றது. பிறகு ஒரு கமிட்டி வந்தது, வரைபடத்தை மறுபடி காற்றுச் சோதனைக்கு அனுப்பு என்றது. அனுப்பினார்கள். திரும்பி வர ஒன்பது மாதம். பிறகு கிரேன் படுத்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் தேதி மேடம் புதுத் தேதி சொன்னாள், ஒவ்வொரு தடவையும் கல்யாணம் தள்ளிப்போனது.

போன வாரம் புதுத் தலைவலி ஒன்று சேர்ந்துகொண்டது. பாலம் முடிந்தால் முதலுதவி அறைக்கு வேலையில்லை. அதனால் நர்ஸை இங்கே அனுப்பியிருந்த ஆஸ்பத்திரி நிர்வாகம் அவளை ரயிலில் எட்டு மணி நேரம் தள்ளியிருக்கும் பெருநகரத்துக்கு மாற்றப் பார்க்கிறது. மூன்று வருஷத்துக்கு. போகிறேன், போகவில்லை, இரண்டில் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். போகவில்லை என்றால் இங்கேயே ஒரு சின்ன கிளினிக்கில் வேலை உண்டு. கேப்டன் கறாராகச் சொல்லிவிட்டார். "வியாழக்கிழமை பாலம் சேர்ந்தா அவ இங்கேயே இருப்பா, கல்யாணம் நடக்கும். சேரலேன்னா அவ கிளம்பிப் போகட்டும். என் பொண்ணை இனிமேலும் காக்க வெக்க மாட்டேன்."

"வியாழக்கிழமை சேரும்" என்றாள் தேதி மேடம்.

அங்கேதான் விட்டிருந்தேன்.

*

விடியற்காலை நாலே கால். அக்கா குளித்து, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். அம்மா விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள் அம்மா. முன்னறை முழுக்கத் துணிதான். ஆனால் மேஜை மேல் இன்றைக்குக் கிடந்தது சீருடை இல்லை, தம்பியின் கல்யாணக் கோட். கை தனியாக, முதுகு தனியாக, காலர் தனியாக.

"என்னம்மா இது! கோட்டைப் பிரிச்சுப் போட்டிருக்க?"

"பிரிக்காம? மூணு வருஷத்துல உன் தம்பி நாலு இஞ்ச் பெருத்துட்டான். இது மூணாவது தடவை பிரிக்கிறேன்."

"இன்னைக்கு வியாழக்கிழமைம்மா. இன்னைக்குப் பாலம் சேருது. ஞாயித்துக்கிழமை கல்யாணம்!"

"ஆமாமா, ஞாயித்துக்கிழமை" என்றாள் அம்மா. பிடிவாதம் பிடிக்கிற குழந்தைக்கு ஆமாம் போடுகிற குரல்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். வரப்போகிற ஞாயிற்றுக்கிழமையில் ஒரு புள்ளிகூட இல்லை. தாளைப் புரட்டினாள். அடுத்த மாதத்தில் ஒரு தேதியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம்.

"இது என்னம்மா வட்டம்?"

அம்மா ஊசியை வாயில் கவ்விக்கொண்டு பதில் சொல்லாமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. "அதுவா… நீ ஒரு தேதி சொன்னா நான் அதோட நாப்பது நாள் கூட்டிக்குவேன். தப்பா எடுத்துக்காதடி. அப்படிக் கூட்டினாத்தான் ஓரளவுக்குக் கிட்ட வருது."

"நான் முப்பது நாள்தான் கூட்டுவேன்க்கா" என்று உள்ளே இருந்து வந்தான் தம்பி. தோளில் வேலைப் பை. "எனக்கு அம்மாவைவிட உன் மேல நம்பிக்கை ஜாஸ்தி."

"நீ எங்கடா கிளம்பிட்ட?"

"வேலைக்கு. இருபத்திரண்டு மாடிக் கட்டடம். லிஃப்ட் நின்னு மூணு நாள் ஆச்சு. மேல இருக்கிறவங்க பாவம், காய்கறியைக் கயிறு கட்டித் தூக்கறாங்களாம்."

"இன்னைக்கு நீ நடந்து போய்ப் பொண்ணு கேக்கணும்டா!"

"சேர்ந்ததும் ஒரு போன் போடு. அடுத்த நிமிஷம் அங்க நிப்பேன்." அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

வாசலில் அவளை ஏற்றிக்கொள்ள வந்த ஜீப் ஹாரன் அடித்தது. ஏறி உட்கார்ந்த தேதி மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இவர்கள் இத்தனை நாளாக அவள் மனம் நோகாமல், பாசமாக, ஆளாளுக்குத் தனித்தனியாகக் கூட்டல் போட்டிருக்கிறார்கள். அதுதான் அவளுக்கு அழுகையாக வந்தது. மூன்று வருஷத்தில் அவள் சொன்ன ஒரு தேதியையாவது யாராவது அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்களா?

*

ஐந்தரை மணிக்கு நடு ஆற்றில் எல்லாரும் கூடியிருந்தார்கள். இக்கரைத் தளத்தின் நுனியில் ஒரு கூட்டம், அக்கரைத் தளத்தின் நுனியில் ஒரு கூட்டம். நடுவில் ஒரு துண்டு வைக்க வேண்டிய இடைவெளி, அதற்குக் கீழே ஆறு. கடைசித் துண்டு பார்ஜ் என்கிற தட்டைப் படகில் தயாராக மிதந்துகொண்டிருந்தது.

இந்த வேலையை ஏன் விடிகாலையில் செய்கிறார்கள் தெரியுமா? தளம் இரும்பு. வெயில் பட்டால் நீளும், குளிர்ந்தால் சுருங்கும். மத்தியானம் அளந்தால் ஓர் இடைவெளி, விடிகாலையில் அளந்தால் வேறு. அதனால் வரிசையாக மூன்று விடிகாலை அளந்து, அந்த அளவுக்குத்தான் கடைசித் துண்டை வெட்டியிருந்தார்கள். மூன்று நாளும் ஜில்லென்று இருந்தது. இன்றைக்கென்று பார்த்துத் தெற்கேயிருந்து சூடான காற்று. இரவெல்லாம் அடித்திருக்கிறது. இரும்பு ஆறவே இல்லை.

சர்வேயர் கருவியில் கண்ணை வைத்துப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மேடம், பதினாலு மில்லி குறையுது."

"இன்னொரு தடவை பாருங்க."

பார்த்தார். "பதினாலேதான்."

பதினாலு மில்லிமீட்டர் என்பது ஒரு விரல் கனம். அந்த ஒரு விரல் கனம் இல்லாததால் நூற்றைம்பது டன் துண்டு உள்ளே போகாது. இனி சூரியன் ஏற ஏற இடைவெளி இன்னும் சுருங்கும்.

சீஃப் என்ஜினீயர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நல்ல மனுஷர். அவசரம் என்பதே அவருக்குத் தெரியாது. "மூணு நாளைக்கு இந்தக் காத்துதான்னு வானிலை அறிக்கை சொல்லுது. பொறுத்துப் பார்ப்போம். மூணு வருஷம் பொறுத்தாச்சு, மூணு நாள்ல என்ன குடி முழுகிடப் போகுது?"

குடிதான் முழுகப்போகிறது. ஆனால் அது அவள் வீட்டுக் குடி. அதை இங்கே எப்படிச் சொல்வது?

"சார், ஜாக்கி இருக்கு" என்றாள்.

"எந்த ஜாக்கி?"

"அட்டவணையில நானூத்திப் பதினேழாவது வரி. இடைவெளி பத்தலேன்னா, இக்கரைத் தளத்தைக் கோபுரத்தோட பிடிச்சு வெச்சிருக்கிற பூட்டைக் கழட்டி, ஜாக்கியால பின்னால இழுக்கணும். நாலு மணி நேர வேலை. அறுபது மில்லி இழுத்தா வெயில் ஏறினாலும் இடம் இருக்கும். நீங்க கையெழுத்துப் போட்ட வரிதான் சார்."

"அது சும்மா ஒரு பாதுகாப்புக்குப் போட்ட வரிம்மா! அதையெல்லாம் யார் செய்யறா?"

"ஜாக்கி வந்து ரெண்டு மாசமாச்சு. ஸ்டோர்ல இருக்கு. ஆளுங்களுக்குப் போன வாரமே ஒத்திகை நடத்தியாச்சு."

சீஃப் அவளை உற்றுப் பார்த்தார். அவள் வீட்டுக் கதை சைட் முழுக்கத் தெரிந்த கதைதான். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. பாலத்துக்காகச் சொல்றியா, உன் தம்பி கல்யாணத்துக்காகச் சொல்றியா?"

 இந்தக் கேள்வியைத்தான் அவளே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"ரெண்டுக்கும்தான் சார். கல்யாணம் மனசுல இல்லேன்னு சொன்னா பொய். ஆனா கல்யாணத்துக்காகக் கணக்கு மாறாது. பேப்பர் இந்தாங்க, நீங்களே போட்டுப் பாருங்க. ஒரு இடத்துல தப்பு இருந்தாலும் நான் வாயைத் திறக்கல."

சீஃப் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். கணக்கைப் போட்டார். காற்றின் வேகத்தைக் கேட்டார். இன்னொரு முறை போட்டார். இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் நம் தேதி மேடம் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டாள்.

"சரி, இழுங்க" என்றார் சீஃப்.

ஸ்டோர்காரர்தான் முதலில் துள்ளிக் குதித்தார். "ரெண்டு மாசமா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்குதுன்னு நான் திட்டாத நாள் இல்ல மேடம். இன்னைக்கு என் கையாலயே தார்ப்பாயைப் பிரிக்கிறேன்!"

இழுத்தார்கள். முதல் அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஜாக்கி முனகியது, தளம் கல்லுப்பிள்ளையாராக நின்றது. பிறகு எங்கேயோ இரும்பு ‘டொம்’ என்று ஒரு சத்தம் போட்டது.  சர்வேயர் கத்தினார்.

"நகருது! ரெண்டு மில்லி… ஆறு… பதினொண்ணு…"

"நிறுத்தாதீங்க, மெதுவா, மெதுவா!"

"பதினாலு! மேடம், பதினாலு தாண்டிடுச்சு!"

அறுபது வரை இழுத்துப் பிடித்துக் கட்டினார்கள். கிரேன் பார்ஜிலிருந்து துண்டைத் தூக்கியது. அது ஆடி ஆடி மேலே வந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து ஆட்டத்தை அடக்கினார்கள். பத்து மணி பத்து நிமிஷத்துக்கு, இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் இடம் விட்டு, துண்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா! இரண்டு கரை ஆட்களும் கத்திய கத்தலில் ஆற்றிலிருந்த பறவையெல்லாம் எழும்பிவிட்டன. மூன்று வருஷமாக வாக்கி-டாக்கியில் மட்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு ஃபோர்மேன்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றினார்கள். தேதி மேடம் ஒரு கேபிள் சுருளின் மேல் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, ஒரு நிமிஷம் நன்றாக அழுதாள். சந்தோஷ அழுகை. அடுத்த நிமிஷம் மூக்கைச் சிந்திவிட்டுப் போனை எடுத்தாள்.

"அம்மா, சேர்ந்துடுச்சு!"

"எது?"

"எதுவா? பாலம்மா!"

"எந்தப் பாலம்?"

"அம்மா!"

 "நிஜமாவா? சொன்ன அன்னைக்கேவா?" என்று அம்மாவின் குரல் உயர்ந்தது. "அப்ப ஞாயித்துக்கிழமை… ஐயையோ, கோட் கை!" என்று அதே குரல் பதறியது. போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

தம்பியின் போனோ அணைந்து கிடந்தது. லிஃப்ட் குழிக்குள் சிக்னல் ஏது? கட்டடத்து வாட்ச்மேனின் எண்ணைத் தேடிப் பிடித்தாள். "உள்ளே இருக்கிற லிஃப்ட்காரரைக் கூப்பிடுங்க. அவருக்குக் கல்யாணம்" என்றாள் அவசரத்தில். வாட்ச்மேன் குழிக்குள் குனிந்து அதை அப்படியே கத்தியிருக்கிறார். இருபத்திரண்டு மாடியிலும் ஆட்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்களாம்.

*

இழுத்த தளத்தைத் திரும்ப முன்னால் தள்ளி, துண்டை இரண்டு பக்கமும் முடுக்கிவிட்டு, நடுவில் பலகை போட்டு, "வீட்டு ஆளுங்க மட்டும் வரலாம். வரிசையா, ஹெல்மெட்டோட" என்று சீஃப் அனுமதி கொடுத்தபோது பன்னிரண்டு மணி ஆகிவிட்டது.

அக்கரையிலிருந்து முதல் ஆளாக நர்ஸ் வந்தாள். பின்னால் கேப்டன். ஃபெரி தொப்பியைக் கழற்ற மனமில்லாமல் அதன் மேலேயே ஹெல்மெட்டை வைத்திருந்தார். தேதி மேடம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள்.

"வா வா வா! உன் ஆள் வந்துக்கிட்டே இருக்கான். நடந்து வந்து கேக்க வேண்டியவன் அவன், நீ முந்திக்கிட்டியா?"

நர்ஸ் சிரிக்கவில்லை. 

"அக்கா, நான் நேத்து சாயங்காலமே கையெழுத்துப் போட்டுட்டேன். போறேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"நேத்தா? நாளைக்கு வரைக்கும் டைம் இருந்துச்சே!"

"இருந்துச்சு. நீங்க வியாழக்கிழமைன்னு சொன்னீங்க. நான்…" அவளால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் ஒரு மாசம் கூட்டிக்கிட்டேன்க்கா."

"அவளைச் சொல்லாதம்மா" என்றார் கேப்டன். "நான்தான் போடச் சொன்னேன். நான் ரெண்டு மாசம் கூட்டினேன்."

தேதி மேடத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே கணக்கைப் போட்டிருக்கிறார்கள்! மூன்று வருஷம் தப்பான தேதி சொன்னபோதெல்லாம் ஒரு நஷ்டமும் வரவில்லை. சரியான தேதி சொன்ன ஒரே நாளில் வந்து விடிந்திருக்கிறது.

"லெட்டரைத் திரும்ப வாங்க முடியாதா?"

"காலையில துண்டு உள்ளே போனதைப் பார்த்ததுமே போன் பண்ணிக் கேட்டேன். மேலிடத்துக்குப் போயிடுச்சாம். ஒண்ணாம் தேதி நான் அங்க டூட்டியில இருக்கணும். மூணு வருஷம்." பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு.

அந்த நேரம் பார்த்து இக்கரையிலிருந்து தம்பி ஓடி வந்தான். மூஞ்சி முழுக்கக் கிரீஸ். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருப்பான் போல. நேராகக் கேப்டன் முன்னால் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தான். "மாமா, நீங்க சொன்ன மாதிரியே நடந்து வந்துட்டேன். கொஞ்சம் ஓடியும் வந்தேன். உங்க பொண்ணை எனக்கு…" அப்போதுதான் அவள் அழுவதைப் பார்த்தான். "என்ன? யாருக்கு என்ன ஆச்சு?"

அக்கா சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

தம்பி ஆற்றைப் பார்த்தான். கிரீஸ் கையால் நெற்றியைத் துடைத்து அதையும் கறுப்பாக்கிக்கொண்டான். பிறகு நர்ஸைப் பார்த்துக் கேட்டான். "அந்த ஊர்ல கட்டடமெல்லாம் எத்தனை மாடி இருக்கும்?"

"என்ன கேள்வி இது இப்ப? முப்பது, நாப்பது இருக்கும்."

"நாப்பதா!" அவன் முகம் மலர்ந்தது. "நாப்பது மாடின்னா ஒரு கட்டடத்துக்கு ஆறு லிஃப்டாவது இருக்கும். ஆறு இருந்தா வாரத்துக்கு ஒண்ணு நிக்கும். நான் ஏன் வேலைக்குக் கவலைப்படணும்?"

நர்ஸுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கேப்டனுக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்ப நீயும் கூடப் போறியா?"

"ஞாயித்துக்கிழமை கல்யாணம். ஒண்ணாம் தேதிக்குள்ள ரெண்டு பேரும் அங்க. மூணு வருஷம் காத்திருந்தாச்சு மாமா. இன்னொரு மூணு வருஷத்தைக் காத்திருந்து தள்ள என்னால ஆகாது. அவ எங்கயோ, நானும் அங்கதான்."

நர்ஸ் அத்தனை பேர் முன்னாலும் அவன் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சீருடை பாழானது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

கேப்டன் ஹெல்மெட்டைக் கழற்றினார், தொப்பியையும் கழற்றினார்.  "பேரப்பிள்ளை பொறந்தா எட்டு மணி நேரம் ரயில்ல வரணுமே நான்." கொஞ்சம் யோசித்தார். "ஆமா, காத்தடிச்சா ரயில் நிக்குமா?"

"நிக்காது மாமா."

"எவ்வளவு அடிச்சாலும்?"

"எவ்வளவு அடிச்சாலும் ஓடும்."

"அப்ப எனக்குச் சம்மதம்" என்றார் கேப்டன். கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியின் முதுகில் ஒரு சாத்துச் சாத்தினார். சுற்றி நின்ற ஆட்கள் மறுபடி ஒரு கத்தல் போட்டார்கள். விஷயம் என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாது.

தேதி மேடத்துக்குத்தான் திடீரென்று உறைத்தது. "டேய், அம்மாகிட்ட யாருடா சொல்றது?"

தம்பியின் சிரிப்பு அப்படியே நின்றது. ஒரே மகன். ஒரு நாள் அவன் வெளியூர் வேலைக்குப் போனால் மூன்று தடவை போன் போடுகிற அம்மா.

"நீயே சொல்லிடுக்கா" என்றான் மெதுவாக. "நீ சொன்னா அம்மா எப்படியும் நாப்பது நாள் கழிச்சுத்தான் நம்புவாங்க. அதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா…"

அவன் முடிக்கவில்லை. இக்கரைப் பக்கத்திலிருந்து அம்மா வந்துகொண்டிருந்தாள். யாரோ கொடுத்த ஹெல்மெட் கண் வரை இறங்கியிருந்தது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வீசிக்கொண்டு, இருபது வயசு குறைந்த மாதிரி நடந்து வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னை மன்னிச்சுடுடி!" என்று தூரத்திலிருந்தே சத்தம் போட்டாள். "நான்தான் மடச்சி. என் பொண்ணு சொன்னா சொன்னதுதான்! இந்தத் தடவை ஒரு நாள்கூடக் கூட்டல. தெரு முழுக்க ஞாயித்துக்கிழமைன்னு சொல்லிட்டேன். மாடி ரூம்ல அடைச்சு வெச்சிருந்த துணி மூட்டையெல்லாம் நானே கீழ இறக்கி, கூட்டித் துடைச்சுட்டு வந்துட்டேன்."

வந்த வேகத்தில் நர்ஸின் கன்னத்தைத் தடவினாள். "ஆத்தைப் பார்த்த ஜன்னல்மா. காலையில எழுந்தா உங்கப்பா ஃபெரி தெரியும். இனிமே நீங்க ரெண்டு பேரும் அங்கதான், என் கண்ணு முன்னாடி."

கேப்டன் ஆற்றைப் பார்த்தார். தம்பி தன் ஷூவைப் பார்த்தான். நர்ஸ் அக்காவைப் பார்த்தாள்.

அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு மகளிடம் வந்து நின்றாள்.

"என்னடி, எல்லாரும் ஒரு மாதிரி நிக்கறீங்க? எதுவா இருந்தாலும் சொல்லு. இனிமே நீ என்ன சொன்னாலும் நான் அப்படியே நம்புவேன்."